மலையிலிருந்து பக்கவாத்தியப் பியானோ முதுகலைக்கு: விண்ணப்பம், ஒளிப்பதிவு, பணம், விசா

குன்னூரில் பியானோ கற்றுக்கொண்ட நான், பாடகர்களுக்கும் வயலின், செல்லோ கலைஞர்களுக்கும் உடன் வாசிக்கும் பியானோ கலையில் முதுகலை படிக்க இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை ஐந்து இடங்களிலும் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு மூன்று இடங்களில் கிடைத்தது. அவற்றில் ஒன்று கல்விக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்தது. இந்த ஓராண்டில் என் விரல் வேகம் கூடிவிடவில்லை. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதைச் சொல்லித்தர நீலகிரியில் அன்று எனக்கு யாரும் இல்லை. உதகையிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இருந்துகொண்டு இதே கனவோடு நிற்கும் உங்களுக்கு அந்த ஓராண்டும் விண்ணப்பக் கட்டணமும் மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. தேடுவதற்கு முன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கச்சேரி மேடையில் நாம் பக்கவாத்தியம் என்று சொல்வதுதான் இது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் படிப்பின் பெயர் வேறு. அமெரிக்காவில் பெரும்பாலும் ‘கொலாபரேட்டிவ் பியானோ’ என்பார்கள். ஜூலியார்ட், மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக், நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி, மிச்சிகன் பல்கலைக்கழகம் எல்லாம் இந்தப் பெயரில்தான் நடத்துகின்றன. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இதே படிப்புக்கு ‘கீபோர்டு கொலாபரேட்டிவ் ஆர்ட்ஸ்’ என்று பெயர். பிரிட்டனில் ‘பியானோ அக்கம்பனிமென்ட்’. லண்டனின் ராயல் அகாடமி, ராயல் காலேஜ், கில்ட்ஹால் மூன்றிலும் உண்டு. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ‘லீட்கெஷ்டால்டுங்’, ‘லீட்பெக்லைட்டுங்’ என்று தேட வேண்டும். ஒரே பெயரில் தேடினால் பாதிக் கல்லூரிகள் கண்ணில் படாமலே போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

பெயரைவிட முக்கியம், எந்தக் கிளை என்பது. கவிதைக்கு இசையமைத்த தனிப்பாடல்களைப் பாடகரோடு வாசிப்பது ஒன்று. வயலின், செல்லோ சொனாட்டாக்களும் சிறு குழுவாக வாசிக்கும் அறை இசையும் இன்னொன்று. ஓபரா ஒத்திகையில் முழு ஆர்கெஸ்ட்ராவின் பகுதியையும் பியானோவில் வாசித்துப் பாடகர்களைப் பயிற்றுவிக்கும் ‘ரெபெட்டிட்டர்’ வேலை மூன்றாவது. அமெரிக்கப் படிப்புகள் பல முதல் இரண்டையும் சேர்த்தே தருகின்றன. பிரிட்டனில் ரெபெட்டிட்டர் பயிற்சியைத் தனியாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. தேவாலயப் பாடகர் குழுவோடு வளர்ந்தவர்களுக்குக் குரலோடு போகும் கிளை இயல்பாக வரும் என்பது என் கருத்து. அதற்காக வாத்தியக் கலைஞர்களோடு வாசித்த அனுபவமே இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

2. பதினெட்டு மாதங்களுக்கு முன் தொடங்குங்கள்

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டுமா? இந்த ஆண்டு மார்ச்சில் வேலையைத் தொடங்குங்கள். பிரிட்டனின் கன்சர்வேட்டரிகள் (இசைக் கல்லூரிகள்) பலவற்றுக்கும் யூகாஸ் கன்சர்வேட்டரிஸ் என்ற ஒரே தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கில்ட்ஹாலுக்கு மட்டும் அதன் சொந்தத் தளத்தில் தனி விண்ணப்பம். அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பர் 1. அந்தத் தேதிக்குள் விண்ணப்பத்தோடு முன்தேர்வு ஒளிப்பதிவும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆடிஷன் (வாசித்துக் காட்டும் தேர்வு) ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். முடிவு மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரலில் வரும்.

இந்தக் காலண்டரை நம் மலையின் காலண்டரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சீசன். சாலையோரத்தில் எந்தக் கூடத்தில் பதிவு செய்தாலும் ஹாரன் சத்தம் உள்ளே வந்துவிடும். ஜூன் முதல் உதகை, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஆக, குன்னூர்க்காரர்கள் ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கும் நடுவில் பதிவை முடித்துவிடுவது நல்லது. நான் முதல் முறை நவம்பருக்குத் தள்ளிப்போட்டேன். தகரக் கூரையில் மழை இறங்கியபோது மைக்கில் பியானோவைவிட மழைதான் பெரிதாகக் கேட்டது.

ஆங்கிலத் தேர்வையும் மழைக்கு முன்பே எழுதிவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குக் கோவைக்கு இறங்க வேண்டும். நான் நவம்பரில் தேதி வாங்கியிருந்தேன். முந்தைய நாள் மரப்பாலம் அருகே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடப்பட்டது. கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு நள்ளிரவில் கோவை போய்ச் சேர்ந்தேன். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஜூலையிலேயே எழுதி வைத்துக்கொள்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

3. உங்கள் பட்டம் போதுமா?

முதுகலைக்கு ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம் வேண்டும். இசையில் பட்டம் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். என்னுடையது ஆங்கில இலக்கியம். வாசிப்பு நன்றாக இருந்தால் வேறு பாடப் பட்டத்தையும் ஏற்கும் இடங்கள் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களை விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

முதலாவது, மூன்றாண்டுப் பட்டம். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன. சில மூன்றாண்டையே ஏற்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்திலும் இசைத் துறை சரி என்று சொன்னபிறகு சேர்க்கை அலுவலகம் மறுப்பது உண்டு. எனவே சேர்க்கை அலுவலகத்தின் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இசைத் தகுதிக்கான சான்று. லண்டனின் இசைத் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் நடத்தும் எட்டாம் கிரேடு மட்டும் போதாது. டிரினிட்டியின் எல்டிசிஎல், ஏபிஆர்எஸ்எம்மின் எல்ஆர்எஸ்எம் ஆகிய டிப்ளமோக்கள் இரண்டும் பிரிட்டனின் தகுதி வரிசையில் 6ஆம் நிலை. இளங்கலைப் பட்டத்தின் கடைசி ஆண்டுக்கு இணையான நிலை அது. டிரினிட்டியின் முதல் டிப்ளமோவான ஏடிசிஎல் 4ஆம் நிலைதான். வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் எல்டிசிஎல் முடித்துவிட்டு விண்ணப்பித்தால் கை வலுப்படும்.

அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் இசைக் கோட்பாட்டிலும் இசை வரலாற்றிலும் நிலையறித் தேர்வு வைப்பார்கள். தவறினால் கூடுதல் வகுப்புகளில் உட்கார வேண்டும். அவை பட்டத்துக்குக் கணக்கில் வராது. கட்டணம் மட்டும் உண்டு. சேருவதற்கு முந்தைய கோடையில் ஹார்மனியையும் கேட்டு எழுதும் பயிற்சியையும் மறுபடி ஒருமுறை முழுவதும் செய்துவிடுங்கள்.

4. இனிஷியல் என்னும் கண்ணி

நம் ஊர்ப் பிள்ளைகளை அதிகம் மாட்டிவைப்பது இதுதான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து, அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சாகிவரும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம். வங்கிக் கணக்கு, சம்பளம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து பின்தொடரும்.

ஆகவே விண்ணப்பம் தொடங்குவதற்கு முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் தந்தை பெயரை அந்தக் கட்டத்தில் சேர்த்து மறுவெளியீடு கேளுங்கள். அதன் பிறகு எல்லா விண்ணப்பங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மூன்று இடங்களில் கைகொடுத்தது.

5. உடன் பாடவும் வாசிக்கவும் ஆள் தேடுங்கள்

தனியாகப் பியானோ வாசிப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. நமக்கு ஒரு பாடகர் வேண்டும். ஒரு வயலின் அல்லது செல்லோ கலைஞர் வேண்டும். அதுவும் ஒருநாள் வந்து பதிவு செய்துவிட்டுப் போகிறவர் போதாது. குறைந்தது மூன்று மாதம் வாரம் ஒருமுறையாவது உங்களோடு உட்காருகிறவர் வேண்டும்.

மலையில் முதலில் தேட வேண்டிய இடம் தேவாலயப் பாடகர் குழு. அடுத்து, விடுதிப் பள்ளிகளின் இசை ஆசிரியர்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் உள்ள பழைய பள்ளிகளில் மேல்நாட்டு இசை கற்பிக்க வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஆசிரியர்கள் உண்டு. மாலை நேரத்தில் சேர்ந்து வாசிக்க அவர்களுக்கும் ஆள் தேவை. வயலின் கிடைக்கவில்லை என்றால் பெங்களூரிலோ சென்னையிலோ ஒருவரைப் பிடித்து மாதம் ஒருமுறை இரண்டு நாள் அங்கேயே தங்கி ஒத்திகை பாருங்கள். சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். உடன் வாசிப்பவருக்குக் கட்டாயம் பணம் கொடுங்கள். நட்புக்காக வருகிறவர் மூன்றாவது ஒத்திகைக்கு வரமாட்டார். வரச் சொல்லிக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு இருக்காது.

என் முதல் ஆண்டுப் பதிவு ஏன் தேறவில்லை என்பதை எனக்குச் சொன்னது ஒரு கல்லூரியும் இல்லை. என்னோடு பாடிய தங்கைதான். ஃபோரேயின் ‘ஆப்ரே அன் ரேவ்’ என்ற பாடலை வைத்திருந்தோம். பியானோவுக்குப் பார்வைக்கு மிக எளிது: மெதுவாக, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும் கார்டுகள் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது). பழைய பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “அக்கா, நான் மூச்சு எடுத்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த கார்டுக்குப் போய்விடுகிறீர்கள். உங்களைப் பிடிக்க நான் ஓடிவர வேண்டியிருக்கிறது.” மறுபடி கேட்டேன். ஒவ்வொரு நீண்ட வரிக்கு முன்னும் அவள் மூச்சு அரைகுறையாக அறுந்து நின்றது. என் கார்டுகள் கடிகாரம்போல ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன.

அடுத்த ஆண்டு அதே பாடலை எடுத்தோம். இந்த முறை பாடகி கண்ணோரத்தில் தெரியும்படி பியானோவைத் திருப்பிப் போட்டேன். அவள் தோள் மெல்ல உயர்வது தெரிந்ததும் என் கை எடை மாறும். கார்டு ஒரு நூலிழை தாமதமாக, ஆனால் தாமதம் என்றே தோன்றாதபடி விழும். அவளோடு சேர்ந்து நானும் மூச்சு இழுக்கப் பழகினேன். மிருதங்கம் வாசிப்பவர் பாடகரின் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ கச்சேரிகளில் பார்த்திருக்கிறோம். அதே பார்வைதான் இங்கும் வேண்டும். தேர்வுக்குழு தேடுவது இதைத்தான்.

6. என்ன வாசிப்பது

ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டியலை வெளியிடும். பெரும்பாலும் ஒரு தனிப் பியானோ படைப்பு, ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் போன்ற மொழிகளில் நான்கைந்து பாடல்கள், ஓர் ஓபரா ஆரியா (ஓபராவில் வரும் தனிப்பாடல்), ஒரு முழு வாத்திய சொனாட்டா அல்லது அதன் ஒரு பகுதி என்று கேட்பார்கள். எல்லாக் கல்லூரிப் பட்டியல்களையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி, அதிகமானவற்றுக்குப் பொருந்தும் ஒரே தொகுப்பைத் தயார் செய்யுங்கள்.

தேர்வில் நான் செய்த பெரிய தவறு, எனக்கு எது பெருமை சேர்க்கும் என்று பார்த்தது. ஃபிராங்க்கின் ஏ மேஜர் வயலின் சொனாட்டாவை எடுத்தேன். அதன் பியானோ பகுதி எவ்வளவு கடினம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உடன் வாசித்த தம்பிக்கு அது எட்டவில்லை. இரண்டாம் பகுதியில் அவன் சுருதி விலகிக்கொண்டே போக, நான் மட்டும் கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கவாத்தியக்காரருக்கு இதைவிடக் கெட்ட அறிமுகம் கிடையாது. அடுத்த ஆண்டு பீத்தோவனின் ‘வசந்தம்’ என்று பெயர் பெற்ற எஃப் மேஜர் சொனாட்டாவை எடுத்தோம். இருவர் கையிலும் அது அழகாக உட்கார்ந்தது. உடன் வாசிப்பவருக்கு எது வசதியாக வருமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஷூபர்ட்டின் ‘ஏர்ல்கோனிக்’ பாடலும் அப்படியே. வலது கையில் இடைவிடாமல் ஓடும் அந்த ஆக்டேவ்களைக் கடைசிவரை களைக்காமல் தாங்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

ஒவ்வொரு பாடலின் சொல்லுக்குச் சொல் பொருளையும் ஸ்கோரில் (இசைக்குறிப்புத் தாளில்) பென்சிலால் எழுதி வையுங்கள், நேர்முகத்தில் கேட்பார்கள். ஜெர்மனுக்குக் கோவையிலும் சென்னையிலும் கேத்தே மையங்களின் வகுப்புகள் உண்டு. பிரெஞ்சுக்குச் சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ். ஸ்கோருக்கு ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசப் பழைய பதிப்புகள் கிடைக்கும்; அவற்றில் பாடல்கள் பல சுருதிகளில் இருக்கும். உங்கள் பாடகர் பாடும் சுருதி எது என்று முதல் நாளே உறுதி செய்துகொண்டு அச்செடுங்கள்.

7. ஒளிப்பதிவு

டிஜிட்டல் பியானோ கூடாது. கிராண்ட் பியானோ சிறப்பு. நல்ல அப்ரைட்டும் (செங்குத்தாக நிற்கும் பியானோவும்) பரவாயில்லை. மலையில் கிராண்ட் பியானோ இருப்பது விடுதிப் பள்ளிகளிலும் சில பழைய கட்டடங்களிலும்தான். ஒரு கடிதம் எழுதி, ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நேரம் மட்டும் என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பியானோவை ட்யூன் செய்யும் செலவை நானே ஏற்கிறேன் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள்.

ட்யூனர் கீழேயிருந்துதான் வர வேண்டும். பனியிலும் மழையிலும் ஊறிய பியானோவை ஒரே தடவையில் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் சில நாட்களில் மறுபடி இறங்கிவிடும். பதிவுக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் இன்னொருமுறை என்று இருமுறை வரச் சொல்லுங்கள். அவர் தம் காரில் வருவதானால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதை நினைவூட்டுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் அது இல்லாமல் சோதனைச்சாவடியில் நின்றுவிட்டால் உங்கள் பதிவு நாள் போய்விடும்.

ஒரு படைப்பை நடுவில் வெட்டி ஒட்டக் கூடாது. கேமரா ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். உங்கள் கையும் முகமும், உடன் பாடுபவரும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். ஒலிக்குத் தனி ரெக்கார்டர் வையுங்கள். அதைப் பியானோவுக்கு வெகு அருகில் வைத்தால் குரல் அமுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், சற்றுத் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் வைத்தபோதுதான் எங்களுக்குச் சமன் கிடைத்தது. மின்சாரம் போனாலும் நிற்காதபடி கேமராவும் ரெக்கார்டரும் பேட்டரியில் ஓடட்டும். காலைக் குளிரில் தொடங்க வேண்டாம். அறையைச் சூடாக்கி, வெந்நீரில் கையை வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் தொடங்குங்கள். குரலும் அப்போதுதான் திறக்கும். ஒரு நாளில் ஒரு பாடலை நான்கு முறைக்கு மேல் எடுக்காதீர்கள். ஐந்தாம் முறையிலிருந்து பாடகரின் குரல் இறங்கத் தொடங்கிவிடும்.

பதிவேற்றத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். என் வீட்டு இணைப்பில் ஒரு கோப்புக்கு நான்கு மணி நேரம் ஆனது. கெடு நாளில் அமெரிக்க நேரத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

8. சான்றிதழ்களும் பரிந்துரைக் கடிதங்களும்

பருவவாரியான மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ட்ரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பதிவு), ஆங்கிலவழியில் படித்ததற்கான பயிற்றுமொழிச் சான்று ஆகியவை வேண்டும். எல்லாவற்றிலும் ட்ரான்ஸ்கிரிப்ட்தான் நேரம் எடுக்கும். நான் விண்ணப்பித்தபோது ஏழு வாரம் ஆனது. நடுவில் இரண்டு முறை நேரில் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஜூன் மாதமே பணம் கட்டி, குறைந்தது ஐந்து முத்திரையிட்ட உறைகள் கேளுங்கள்.

பரிந்துரைக்கு மூவர் வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதத்தால் இங்கே பயனில்லை. உங்கள் பியானோ ஆசிரியர், உங்களோடு மேடையேறிய ஒரு பாடகர் அல்லது வாத்தியக் கலைஞர், பாடகர் குழுவின் நடத்துனர் ஆகிய மூவரும் சரியான தேர்வு. “இவர் வாசித்தால் எனக்குப் பாட எளிதாக இருக்கிறது” என்று ஒரு பாடகர் எழுதுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. விண்ணப்பத் தளத்திலிருந்து அவர்களுக்கு மின்னஞ்சல் போகும். அது ஸ்பாம் பெட்டியில் விழுந்துகிடக்கும். வயதான ஆசிரியராக இருந்தால் நேரில் போய் உட்கார்ந்து, பதிவேற்றும்வரை உடன் இருங்கள்.

வாசித்த படைப்புகளின் பட்டியலும் கேட்பார்கள். தனிப் பியானோ படைப்புகளை ஒரு பத்தியில் சுருக்கி, யாரோடு எந்தப் பாடலை எங்கே வாசித்தீர்கள் என்பதை முதலில் வையுங்கள். ஆலயத் திருமணங்கள், கிறிஸ்துமஸ் கேரல் நிகழ்ச்சிகளையும் தயங்காமல் எழுதுங்கள். அதுவும் பக்கவாத்திய அனுபவமே.

9. ஆடிஷன்

வெளிநாட்டவர்களுக்குச் சில கல்லூரிகள் ஒளிப்பதிவையே இறுதி ஆடிஷனாக ஏற்கின்றன. சில நேரில் வரச் சொல்கின்றன. சில இணையவழியில் நேர்முகம் வைக்கின்றன. எந்த வகையானாலும் பார்த்தவுடன் வாசிப்பது உண்டு. ஸ்கோரைக் கொடுத்து ஒரு நிமிடம் பார்க்கவிட்டு, ஒரு பாடகரை அருகில் நிறுத்துவார்கள். ஸ்வரங்கள் தவறலாம், தாளம் நிற்கக் கூடாது. பாடகர் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் நீங்களும் தாண்டிப்போய் அவரைப் பிடிக்க வேண்டும். தினமும் இருபது நிமிடம், முன்பு பார்த்திராத ஒரு பாடலை நிறுத்தாமல் வாசியுங்கள்.

சுருதி மாற்றி வாசிக்கவும் சொல்வார்கள். இதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த பிள்ளைகளுக்கு நல்ல அடித்தளம் இருக்கும். ஆராதனையில் ஆயர் தாமாகவே ஒரு சுருதியில் பாமாலையைத் தொடங்கிவிடுவார். இரண்டாவது வரிக்குள் அந்தச் சுருதிக்குப் போய்ச் சேர்ந்து சபையைத் தாங்கிக்கொள்வோம். அதே திறமையை ஸ்கோரைப் பார்த்தபடி, ஒரு ஸ்வரம் மேலும் கீழும் செய்து பழகினால் போதும். ரெபெட்டிட்டர் படிப்பு என்றால், பியானோ வாசித்துக்கொண்டே இல்லாத கதாபாத்திரத்தின் வரிகளை நீங்களே பாடவும் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியருக்கு ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்பி, ஒரு மாதிரி வகுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். இந்தப் படிப்பில் ஆண்டுக்கு மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். உங்களோடு இரண்டு ஆண்டு தனி வகுப்பில் உட்காரப்போகிறவர் அவர்.

10. பணம்

விண்ணப்பத்துக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 100 டாலர் சுற்றுவட்டத்தில் ஆகும். ஆறு இடம் என்றாலே அரை லட்சம் ரூபாய். அதனால் ஐந்து இடங்களுக்கு மேல் போகாதீர்கள். கல்விக் கட்டணம் நியூயார்க்கின் பெரிய கன்சர்வேட்டரிகளில் ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும். லண்டனில் 25,000 பவுண்டுக்கு மேல். ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களில் அரசு இசைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ஆனால் ஜெர்மன் மொழித் தேர்ச்சி, 18,000 ரூபாய் கட்டணத்தில் நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று, மாதம் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ ஆகியவை தேவைப்பட்டன. இந்தத் தொகைகள் மாறக்கூடியவை. கட்டும் நாளில் சரிபாருங்கள். இசை முதுகலைக்கென்றே ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பியானோ பயிலும் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு வழி நமக்கு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடகருக்கும் வயலின் மாணவருக்கும் வாராந்திர வகுப்பிலும் தேர்விலும் பியானோ வேண்டும். அந்த வேலையை முதுகலை மாணவர்களிடம் கொடுத்து, பதிலுக்குக் கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் தருகிறார்கள். இதற்குப் பெயர் அசிஸ்டன்ட்ஷிப். புகழ்பெற்ற கன்சர்வேட்டரியின் பெயருக்காகக் கடன் சுமப்பதைவிட, நல்ல ஆசிரியர் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த வழியில் சேர்வதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாசிக்க வாசிக்கத்தான் இந்தக் கலை வரும். அங்கே நாள் முழுவதும் வாசிப்பீர்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் இவற்றைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் பருவகாலத்தில் 20 மணிக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யக் கூடாது. ஒத்திகையும் அந்த மணிக்கணக்கில் சேருமா, வகுப்பு நேரம் மட்டுமா? மருத்துவக் காப்பீடு உண்டா? தள்ளுபடிக்குப் பிறகும் கட்ட வேண்டிய மாணவர் கட்டணங்கள் எவ்வளவு? கணக்கில் வராத ஒத்திகையால் கை வீங்கி ஒரு பருவம் முழுவதும் வாசிக்க முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும். பல பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் அந்தத் தேதியை மரியாதையாக நினைவூட்டுங்கள்.

வங்கிக் கடன் எடுப்பவர்கள் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். பெரிய தொகைக்குச் சொத்து ஈடு கேட்பார்கள். பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜன்ம நிலத்தில் (பழைய ஜமீன் உரிமையில் இருந்த, பட்டா இல்லாத நிலத்தில்) வீடு உள்ளவர்கள் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பட்டா இல்லாத நிலத்தை வங்கி ஏற்காது. ஜனவரியிலேயே வங்கி மேலாளரிடம் நேரில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

11. விசா

அமெரிக்காவுக்கு, கல்லூரி சேர்க்கையை உறுதிசெய்யும் ஐ-20 படிவம் அனுப்பியதும் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரும் விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலரும் கட்டினேன். நேர்காணல் சென்னைத் துணைத் தூதரகத்தில். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு வேறொரு நாள் வரும். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் அமைத்துக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம். என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் ‘கொலாபரேட்டிவ் பியானோ’ என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். “பாடகர்களுக்குப் பியானோவில் உடன் வாசிக்கும் படிப்பு, அதற்காகப் பல்கலைக்கழகமே என் கட்டணத்தை ஏற்கிறது” என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி, அசிஸ்டன்ட்ஷிப் கடிதத்தைக் கையில் தயாராக வைத்திருங்கள்.

பிரிட்டனுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் மறுப்பு. லண்டன் என்றால் கட்டணம் போக, மாதம் சுமார் 1,500 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். பெற்றோர் கணக்கானால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவர்களின் சம்மதக் கடிதமும் இணைக்க வேண்டும். அங்கேயும் அந்த இனிஷியல் பிரச்சினை வரும், பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்குக் கூடுதலாக நான்கு மாதம் சேர்த்து விசா தருவதால் ஒன்றரை ஆண்டுக்குக் கணக்கிட்டு 1,164 பவுண்டு கட்டச் சொல்லும். இதை எதிர்பார்க்காமல் கடைசி நேரத்தில் கார்டில் பணம் போதாமல் தவித்தவர்கள் உண்டு.

12. புறப்படும் முன்

ஸ்கோர்கள் கனமானவை. அடிக்கடி வாசிக்கும் பாடல் தொகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஸ்கேன் செய்து டேப்லெட்டில் ஏற்றுங்கள். பென்சில் குறிப்புகளும் தெரியும்படி வண்ணத்தில் ஸ்கேன் செய்வது அவசியம். பாடகர் எங்கே மூச்செடுக்கிறார் என்று நீங்கள் போட்டுவைத்த சின்னக் குறிகளைத்தான் அங்கே போய் முதல் வாரத்தில் தேடுவீர்கள். வீட்டில் விட்டுப்போகும் பியானோவுக்குள் அறுபது வாட் பல்பு வைக்கும் பழைய பழக்கம் வேண்டாம். ஆள் இல்லாத வீட்டில் அது ஆபத்து. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைக் கீழ்ப்பலகைக்குள் வைத்து, மாதம் ஒருமுறை மாற்ற யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். என் பியானோவை என்னோடு பாடிய தங்கையின் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். இப்போது அதில் அவள் தம்பி பாமாலை வாசித்துப் பழகுகிறான்.